எட்டுகிற உயரத்தில்

வட்டத்தில் அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. செய்வேன் என்று சொன்னதையெல்லாம் செய்தாள். செய்ததை மட்டுமே சொன்னாள். பின்னால் எவ்வளவு புரட்டிப் பார்த்தும் இந்த ஒன்றை அவளால் மாற்ற முடியவில்லை. பொய் சொல்லியிருந்தால், இங்கேதான் தவறினேன் என்று விரல் வைத்துக் காட்ட ஓர் இடமாவது இருந்திருக்கும்.

வட்டம் செவ்வாய்க்கிழமை மாலைகளில் பல்கலைக்கழக நூலகத்தின் மேல்தளத்தில் கூடியது. பழைய செய்தித்தாள்களை அடுக்கி வைக்கும் அறை அது. ஒரு பக்கம் முழுக்க ஜன்னல், மறுபக்கம் கூரைவரை கட்டுக்கட்டாகத் தாள். நடுவில் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். நடத்தியவர் உளவியல் துறை விரிவுரையாளர். எல்லோருக்கும் அவர் மேடம். மாணவர்கள் தாங்களே இலக்கு வைத்து, தங்களைத் தாங்களே கண்காணித்துப் படிக்கப் பழகுகிறார்கள். அப்போது மனதில் மகிழ்ச்சியும் நம்பிக்கையும் இருந்தால் அந்தப் பழக்கம் நிலைக்கிறதா என்பதுதான் அவருடைய ஆய்வு. பாடத்தில் சறுக்கியவர்களை ஒவ்வொரு துறையும் அவரிடம் அனுப்பிக்கொண்டிருந்தது.

வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொருவரும் அந்த வாரம் நடந்த நல்லது ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறகு, போன வாரம் வைத்த இலக்கு முடிந்ததா என்று சொல்ல வேண்டும். முடிந்திருந்தால் மேடம் ஒரு கூழாங்கல்லைக் கொடுப்பார். அவரவர் பெயர் ஒட்டிய கண்ணாடிக் குடுவையில் அதைப் போட வேண்டும். 'டிங்' என்று சத்தம் வரும். எல்லோரும் கைதட்டுவார்கள். முடியாமல் போயிருந்தால் ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

"இங்க யாரும் யாரையும் அளக்கப் போறதில்ல. உங்க இலக்கு, உங்க அளவு. உங்களை நீங்களே அளந்துக்கப் பழகுறதுக்குத்தான் இந்த இடம்," என்பார் மேடம். சொல்லும்போது ஒவ்வொருவர் முகத்தையும் நின்று பார்ப்பார். அந்தப் பார்வையில் நடிப்பு கிடையாது. அதனால்தான் அவளால் அதை நம்ப முடிந்தது.

அவள் பிசியோதெரபி இரண்டாம் ஆண்டு. எலும்புகளைப் பற்றிய வாய்மொழித் தேர்வில் தவறியவள். அந்தத் தேர்வில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். தேர்வாளர் மேசையிலிருந்து ஓர் எலும்பை எடுத்து மாணவர் கையில் கொடுப்பார். அது உடம்பின் வலப் பக்கத்து எலும்பா, இடப் பக்கத்து எலும்பா என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தெரியாதவரிடம் வேறெதையும் கேட்டுப் பயனில்லை என்பது துறையில் எழுதப்படாத வழக்கம். அவள் கையில் வந்தது காறை எலும்பு. கழுத்தின் அடியிலிருந்து தோளுக்குப் போகும் மெல்லிய, நெளிந்த எலும்பு. புத்தகத்தில் அதைப் பற்றி என்ன எழுதியிருந்தது என்பதெல்லாம் வரிவரியாக நினைவில் இருந்தது. கையிலிருந்த பொருள் மட்டும் எதனோடும் ஒட்டவில்லை. தலைகீழாகப் பிடித்தாள், திருப்பிப் பிடித்தாள். கடைசியில் அதை மேசைமேலேயே திருப்பி வைத்துவிட்டாள்.

மறுதேர்வு ஒரே ஒரு முறைதான். அதிலும் தவறினால் துறையிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.

அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வண்டியின் நெற்றியில் மஞ்சள் பலகை; ஓட்டுபவர் பக்கம் ஒரு பிரேக், அம்மா உட்காரும் பக்கம் இன்னொரு பிரேக். முதல் தேர்வின் முடிவைக் கேட்டதும் அம்மா சிரித்துவிட்டாள். "ஊருக்கெல்லாம் லெஃப்ட் எது ரைட் எதுன்னு கத்திக் கத்தித் தொண்டை போச்சு எனக்கு. கடைசியில எம் பொண்ணுக்கே தெரியலையா?" அப்புறம் மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அன்று முழுக்க வீட்டில் அம்மா மெதுவாக நடந்தாள், பாத்திரங்களை மெதுவாக வைத்தாள். சிரிப்பைவிட அந்த மெதுவைத் தாங்குவதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

வட்டத்தில் அவள் வைத்த முதல் இலக்கு பெரியது. தோளிலிருந்து விரல் நுனிவரை எல்லா எலும்புகளையும் ஒரே வாரத்தில் முடிப்பேன் என்றாள். துறை கடனாகக் கொடுத்த எலும்புப் பெட்டியை வீட்டில் ஜன்னலோர மேசையில் வைத்தாள். திறந்தாள். காறை எலும்பு மேலேயே கிடந்தது. மூடிவிட்டாள்.

அடுத்த செவ்வாய், "முடியல மேடம்," என்றாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கூட்டம் கலைந்தபின் மேடம் அவளை மட்டும் நிறுத்தினார்.

"இவ்ளோ பெருசா ஏம்மா வச்சே? கைக்கு எட்டுற உயரத்துல ஆணி அடிச்சு மாட்டு. ஒண்ணை முடிச்சா அந்த சந்தோஷம் அடுத்ததுக்குத் தள்ளிவிடும். சின்னதா வை. ஆனா முடிச்சுக் காட்டு. யாருக்கு? உனக்கே."

அவள் சின்னதாக வைத்தாள். காறை எலும்பைப் பற்றிய பக்கங்களை மட்டும் வாசிப்பேன். வாசித்தாள். கூழாங்கல் குடுவையின் அடியில் விழுந்து உருண்டு நின்ற சத்தத்தில் அவளுக்குள் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது. பல மாதங்களுக்குப் பிறகு, ஒன்றைத் தொடங்கி முடித்தவளாகப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் கடைகளின் விளக்குகள் அழகாக இருந்தன. அந்த மகிழ்ச்சி போலியில்லை. அதில் ஒரு கலப்படம் இருந்திருந்தால்கூட அவள் மோப்பம் பிடித்திருப்பாள்.

பெட்டியைத் திறந்து காறை எலும்பை எடுத்துப் பார்ப்பேன் என்பது அடுத்தது. அந்த வாரம் திங்கட்கிழமை மாலைவரை தள்ளிக்கொண்டே போனாள். கடைசியில் திறந்தாள், எடுத்தாள், பார்த்தாள், வைத்தாள். முடிந்தது. கைதட்டல். ஆனால் அந்தத் திங்கட்கிழமை முழுக்க அவள் பயந்து, மேசைப் பக்கமே போகாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்திருந்தாள். அதை மறுபடி அனுபவிக்க அவள் விரும்பவில்லை. அதனால் அதற்கடுத்த வாரம், தினமும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பெட்டியைத் திறப்பேன் என்றாள். எடுப்பேன் என்று சொல்லவில்லை. பிறகு, தினமும் மேசைக்கு முன்னால் உட்காருவேன். பிறகு, படிக்க வசதியாக மேசையைச் சுத்தமாக வைத்திருப்பேன்.

இலக்கு சுருங்குவது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் இடையில் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. தினமும் கண்ணாடி பார்க்கிறவளுக்கு முகம் மெலிவது தெரியாத மாதிரி. தவிர, சுருக்கும் ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. தன்னை அறிந்து வைப்பதுதானே சரியான இலக்கு? அவளுக்குத் தன்னைத் தெரிந்திருந்தது. எதை அவளால் செய்ய முடியாது என்பது வாரத்துக்கு வாரம் இன்னும் துல்லியமாகத் தெரிந்துகொண்டே வந்தது.

யாருடைய குடுவையும் அவளுடையதைப்போல் நிறையவில்லை. எதையும் நூற்றுக்கு நூறாக முடிப்பவள் என்று அவளுக்கு 'நூறு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வட்டத்தில் இன்னொருத்தி இருந்தாள், கட்டடக்கலை படிப்பவள். விரல்களில் எப்போதும் பசை காய்ந்து தோலாக உரிந்துகொண்டிருக்கும். அட்டையில் அவள் கட்டும் மாதிரி வீடுகள் ஒருபோதும் முழுதாக முடியாது. கூரை இருக்காது, இல்லையென்றால் படிக்கட்டு இருக்காது. அவளுக்குப் பெயர் 'முக்கால்'. முக்காலின் குடுவையில் கல்லே கிடையாது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் கிடையாது.

ஒருநாள் நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து இருவரும் காகிதக் கோப்பையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏய் நூறு, இந்த வாரம் என்ன? மேசை துடைக்கிறதா?"

"அது போன வாரம்."

"இந்த வாரம்?"

அவள் டீயை ஊதிக் குடித்தாள்.

"சொல்லுடி. பெட்டிக்கு டாட்டா காட்டப் போறியா?"

"உனக்கென்னடி? நீ எதையாவது முடிச்சிருக்கியா?"

"நான் முடிக்கல. ஆனா நான் முடிக்காத வீட்டைப் பார்த்தா வீடுன்னு தெரியும். உன் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

"வாயை மூடிட்டு டீயைக் குடி."

"குடிச்சுட்டேன்." முக்கால் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினாள். "பாரு, முடிச்சுட்டேன். ஒரு கல்லு குடு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் முட்டியது. முக்கால் அதைப் பார்க்காததுபோல் விரலிலிருந்து பசையை உரிக்க ஆரம்பித்தாள். "மேடம்கிட்ட சொல்லேன்," என்றாள் கொஞ்சம் கழித்து.

"என்னன்னு சொல்றது? இலக்கெல்லாம் முடிக்கிறேன், அதனால பயமா இருக்குன்னா?"

முக்கால் காலிக் கோப்பையை நசுக்கி எறிந்தாள்.

உண்மையில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் சொல்லிப் பார்க்கத் தயாராகத்தான் போனாள். ஆனால் அன்று வரும்போதே மேடம் ஒரு புதுக் குடுவையைக் கொண்டுவந்திருந்தார். பழையது நிறைந்துவிட்டதாம். "எங்க வீட்ல ஊறுகாய் போட்டு வச்சிருந்தது. எவ்ளோ கழுவினாலும் கொஞ்சம் வாசனை வருது. மன்னிச்சுக்கோ," என்று சிரித்தார். தனக்காக ஒருவர் வீட்டில் குடுவையைத் தேடி, காலி செய்து, கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருக்கிறார். அவள் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, இத்தனை நாள் துணி போட்டு மூடியிருந்த பெட்டியை ஒரு வாரம் மூடாமல் மேசைமேல் வைப்பேன் என்று இலக்கு சொன்னாள். செய்தும் முடித்தாள்.

வீட்டில் அம்மா இப்போது பாத்திரங்களைச் சத்தமாக வைக்க ஆரம்பித்திருந்தாள். பாட்டு முணுமுணுத்தாள். தன் மகள் சொன்னதைச் செய்து முடிக்கிற பெண் என்று வண்டியில் ஏறும் ஒவ்வொருவரிடமும் சொன்னாள். கிளட்சில் கால் வைக்கப் பயப்படுபவர்களிடம், "எம் பொண்ணைப் பாருங்க, ஒரு வாரம் தவறினது கிடையாது. எல்லாம் மனசு வைக்கிறதுதான்," என்றாளாம். அம்மாவுக்கு முதுகுவலி, நாள் முழுக்க அந்த இருக்கையிலேயே உட்கார்ந்து வந்தது. "நீ படிச்சு முடிச்சதும் முதல் பேஷன்ட் நான்தான். வேற யாரையும் தொட விடமாட்டேன், ஆமா," என்பாள். அவள் அம்மாவின் முதுகைத் தேய்த்துவிடும்போது தோலுக்கு அடியில் எலும்புகள் வரிசையாகக் கையில் தட்டுப்படும். தேய்ப்பதை வேகமாக முடித்துவிடுவாள்.

மறுதேர்வுக்கு முந்தின நாள், செவ்வாய். "உங்க இலக்கு?" என்று மேடம் கேட்டபோது, "தேர்வுக்குப் போவேன்," என்றாள்.

மேடம் கண்களை மூடித் திறந்தார். "ரொம்ப நேர்மையான இலக்கு," என்றார். "அதுக்கே எவ்ளோ தைரியம் வேணும்."

புதன்கிழமை தேர்வுக்குப் போனாள்.

அறையில் வெள்ளைத் துணி விரித்த மேசை. அதன்மேல் எலும்புகள், கடையில் பரப்பி வைத்ததுபோல் வரிசையாக. தேர்வாளர் புதியவர், ஜலதோஷம் பிடித்திருந்தது, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே உட்காரச் சொன்னார். அவரிடம் கோபமோ கிண்டலோ இல்லை. வேண்டுமென்றே எடுத்த மாதிரியும் இல்லை. கைக்குப் பக்கத்தில் கிடந்ததை எடுத்து நீட்டினார். காறை எலும்பு.

"இது என்னம்மா?"

"காறை எலும்பு சார்."

"எந்தப் பக்கம்?"

மனதில் வரிகள் ஓடின. தட்டையான முனை தோள் பக்கம். உருண்ட முனை நெஞ்சுப் பக்கம். நெஞ்சை ஒட்டிய வளைவு முன்னால் புடைக்கும். கீழ்ப்பக்கம் பள்ளம். ஒவ்வொன்றும் சரி. ஆனால் கையிலிருந்ததில் எது தட்டை, எது உருண்டை? இரண்டு முனையும் ஒரே மாதிரி தெரிந்தன. விரலால் தடவினாள். விரலுக்கு அந்த எலும்பைப் பழக்கமில்லை. அது இத்தனை நாளும் அவள் மேசைமேல், ஒரு கை தூரத்தில் இருந்தது.

"வலது," என்றாள்.

"வச்சுக் காட்டும்மா. உன் மேலயே வச்சுக் காட்டு."

வலது கழுத்தடியில் வைத்துக் காட்டினாள். தேர்வாளர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருமுறை தும்மினார். "இப்படி இருந்தா உன் கை தொண்டையிலேர்ந்துதான்மா முளைக்கணும்," என்றார். சொன்னபிறகு அது வேடிக்கையாகிவிட்டதே என்று அவருக்கே சங்கடமாகிவிட்டதுபோல, "திருப்பிப் பாரு, அவசரம் இல்ல," என்றார்.

திருப்பினாள். இடது என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டார். அவள் வரிகளை ஒப்பித்தாள். "அது சரி. இதுல காட்டு," என்றார். காட்ட முடியவில்லை. அவர் எலும்பைக் கையில் வாங்கி, துணிமேல் அதன் இடத்தில் வைத்தார். "போலாம்மா."

வெள்ளிக்கிழமை துறை அலுவலகத்தில் முடிவைச் சொன்னார்கள். பெட்டியைத் திருப்பித் தரச் சொன்னார்கள்.

அந்த வார இறுதியை அவள் எப்படிக் கழித்தாள் என்று கேட்டால் சொல்ல எதுவும் இல்லை. தூங்கினாள், குளித்தாள், அம்மா கேட்டபோது முடிவு இன்னும் வரவில்லை என்று சொல்லாமல், "அடுத்த வாரம் தெரிஞ்சிரும்மா," என்றாள். அம்மாவுக்கு அடுத்த வாரம் தெரியத்தானே போகிறது. அப்போதும்கூடப் பொய் வராதபடி வார்த்தையைச் செதுக்க முடிந்ததை அவளே தள்ளி நின்று கவனித்தாள். எனக்குள் இப்படி ஒருத்தி எப்போது குடியேறினாள் என்று தோன்றியது. கெட்டிக்காரி. சத்தமே போடாதவள். எல்லாவற்றையும் உண்மையின் ஓரத்தில் நிறுத்தத் தெரிந்தவள்.

செவ்வாயன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறைக்குப் போனாள். பொருளறை பூட்டியிருந்தது. பெட்டியோடேயே நூலகத்துக்கு வந்து, நாற்காலிக்கு அடியில் அதை வைத்து உட்கார்ந்தாள். வட்டத்தில் அன்று புதிதாகச் சில முகங்கள். மேடம் அவளைக் காட்டி, "இவங்களைத்தான் நாங்க நூறுன்னு கூப்பிடுவோம்," என்றார். புதியவர்கள் அவளுடைய குடுவைகளைப் பார்த்தார்கள்.

"நீயே ஆரம்பிம்மா. போன வாரம் என்ன சொல்லியிருந்தே?"

"தேர்வுக்குப் போவேன்னு சொன்னேன் மேடம்."

"போனியா?"

"போனேன்."

"பயந்துகிட்டா?"

"பயந்துகிட்டேதான்."

"கேட்டீங்களா?" மேடம் எல்லோரையும் சுற்றிப் பார்த்தார். "பயம் போனதுக்கப்புறம் செய்யறது பெருசில்ல. பயத்தோட போயிருக்கா பாருங்க." கூழாங்கல்லை எடுத்து நீட்டினார். கைதட்டல் எழுந்தது. புதியவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள்.

"தட்டாதீங்க," என்றாள் அவள்.

கேட்கவில்லை. அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள். "தட்டாதீங்க. நான் ஃபெயில்."

கைகள் ஒவ்வொன்றாக நின்றன. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த ஒருவன் மட்டும் கவனிக்காமல் இன்னும் இரண்டு தட்டு தட்டிவிட்டு, அக்கம்பக்கம் பார்த்துக் கைகளைத் தொடைக்குக் கீழே செருகிக்கொண்டான். முக்கால் தட்டவே இல்லை. அவள் கைகள் மடியில் இருந்தன.

"ஆனா நீ போனே இல்ல..." என்று மேடம் தொடங்கினார். வாக்கியம் பாதியில் நின்றது. "வாரா வாரம் முடிச்சேன்னு சொன்னதெல்லாம்?"

"எல்லாம் நெசமா முடிச்சதுதான் மேடம்."

"கடைசியா அந்தப் பெட்டியைத் திறந்து எலும்பைக் கையில எப்ப எடுத்தே?"

முதல்முறையாக மேடம் அளந்து கேட்ட கேள்வி அது. அவள் யோசித்தாள். எத்தனையோ கூழாங்கற்களுக்கு முன்னால், அடியில் எங்கோ. "ஒரே ஒருதடவை. ஆரம்பத்துல," என்றாள்.

மேடம் நீட்டிய கை அப்படியே இருந்தது. பிறகு அந்தக் கல்லை மெதுவாகத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவர் முகம் கோபமாக இல்லை. எதையோ தலையில் திரும்பக் கூட்டிப் பார்ப்பவர்போல் இருந்தது. வாரம் வாரமாக, குடுவை குடுவையாக. இத்தனை மாதங்களில் அந்த முகத்தில் அவள் பார்க்காத தனிமை அது. அவரைத் தேற்ற வேண்டும் என்று ஒரு நொடி தோன்றியது. அதைச் செய்ய அவளிடம் எதுவும் இல்லை.

"நான் இந்த வாரமும் முடிக்கல மேடம். அட்டை பத்தல," என்றாள் முக்கால், மேடத்தின் முகத்தைப் பார்க்க முடியாமல். யாரும் சிரிக்கவில்லை.

"வீட்ல சொல்லிட்டியா?" என்று மேடம் கேட்டார்.

"இல்ல. கீழ அம்மா வந்துகிட்டிருக்காங்க. இன்னிக்குச் சொல்லணும்."

"மெதுவா, முதல்ல சின்னதா ஒரு விஷயத்தை மட்டும்..." மேடம் நிறுத்திக்கொண்டார். கையை வாய்மேல் வைத்துக்கொண்டார்.

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

வாசலில் மஞ்சள் பலகை வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஓட்டும் இடத்தில் ஒரு கனத்த மனிதர், இரண்டு கையாலும் ஸ்டியரிங் வளையத்தை இறுக்கிப் பிடித்தபடி. கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அம்மாவின் மாணவர்களிலேயே அதிகம் பயப்படுகிறவர். அம்மா பக்கத்து இருக்கையிலிருந்து கையை ஆட்டினாள்.

"ஏறுடி, ஏறு. சார் இன்னிக்குத்தான் முதல்தடவையா ரோட்டுக்கு வந்திருக்கார். இன்னும் எதுக்கு அந்தப் பெட்டியைக் கட்டிகிட்டுத் திரியறே? அதுதான் தேர்வு முடிஞ்சிருச்சே!"

அவள் பின்னால் ஏறிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி ஒரு குதி குதித்து நகர்ந்தது.

"இதுதான் சார் நான் சொன்ன பொண்ணு."

"ஓ, நூறா!" என்றார் கண்ணாடிக் கடைக்காரர், கண்ணாடியில் அவளைப் பார்க்க முயன்றபடி. "உங்களைப் பத்திப் பேசாத நாளே இல்லம்மா."

"சார், ரோட்டைப் பாருங்க. அவளை அப்புறம் பாக்கலாம். இண்டிகேட்டர்! லெஃப்ட்டு சார், லெஃப்ட்டு. அது வைப்பர்!"

மழையில்லாத கண்ணாடியில் வைப்பர் கிறீச்சிட்டு ஓடியது. அம்மா சிரித்தாள், அவரும் சிரித்தார். அம்மாவின் கழுத்து அவளுக்கு நேர் முன்னால் இருந்தது. சிரிக்கும்போது சட்டைக் கழுத்துக்குள்ளிருந்து தோள்வரை ஓர் எலும்பு எழும்பி அடங்கியது. இந்தச் சிரிப்பு முடியட்டும் என்று நினைத்தாள். பிறகு, அந்தத் திருப்பம் வரட்டும் என்று நினைத்தாள். பிறகு, வீடு வரட்டும் என்று. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, மறுபடியும் குனிந்து ஆணியைக் கீழே கீழே அடித்துக்கொண்டிருக்கிறோம் என்று.

"அம்மா, நான் ஃபெயில். இடம் போயிடுச்சு."

வண்டி நடுத்தெருவில் நின்றது. அம்மாவின் கால் அவள் பக்கத்து பிரேக்கை முழுக்க மிதித்திருந்தது. மூவரும் முன்னால் ஆடிப் பின்னால் சாய்ந்தார்கள். என்ஜின் அணைந்துவிட்டது.

"மேடம், நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று அம்மாவைக் கேட்டார் கண்ணாடிக் கடைக்காரர்.

"நீங்க ஒண்ணும் பண்ணல சார். நேரா பாருங்க."

அவர் நேராகப் பார்த்தார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அம்மா இருக்கையில் திரும்பினாள். முதுகு வலித்ததில் முகம் சுளித்தது.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"வெள்ளிக்கிழமை."

"அதைக் கேக்கல."

"ரொம்ப நாளா," என்றாள் அவள்.

"வாரா வாரம் கை தட்டுறாங்கன்னு சொன்னியேடி."

"தட்டினாங்கம்மா."

"நானும் ஏறுறவன் இறங்குறவன்கிட்ட எல்லாம் சொல்லிகிட்டு..." என்று அம்மா முணுமுணுத்தாள். ஹாரன்கள் கூடின. ஒரு லாரி அவர்களைச் சுற்றிக்கொண்டு போகும்போது ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "வீட்டுல போய்க் கத்துக்குங்க!" என்று கத்தினான்.

"நான் இறங்கிக்கட்டுமா மேடம்?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர், மிக மெதுவாக.

"உக்காருங்க சார். லைசன்ஸ் வேணுமா வேணாமா?" அம்மா அவரைப் பார்க்கவில்லை. "அதுல என்ன கேட்டாங்க?"

"எலும்பு."

"எந்த எலும்பு? எடு."

பெட்டியின் கொக்கி இறுகிப்போயிருந்தது. நகத்தால் நெம்பித் திறந்தாள். காறை எலும்பு மேலேயே கிடந்தது. எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள். அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து, இப்படித் திருப்பி, அப்படித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை சின்னதா என்பதுபோல் இருந்தது அவள் பார்வை.

"இது வலதா, இடதா?" என்று கேட்டாள். பரிசோதிக்கிற குரல் இல்லை. அவளுக்கும் தெரியவில்லை.

"எனக்குத் தெரியாதும்மா," என்றாள் அவள்.

அந்த வார்த்தையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வட்டத்திலும் இல்லை, தேர்வறையிலும் இல்லை. சொன்னபின் எந்த நிம்மதியும் வரவில்லை. பழைய திங்கட்கிழமையின் பயம் அப்படியே இருந்தது. அம்மா எலும்பைத் திருப்பித் தரவில்லை. அதைப் பிடித்தபடியே, பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.